தண்ணீர் சுமக்கும் பழி

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வாழ்கிறவர்களிடம் கோடை விடுமுறை நினைவுகளைக் கேட்டால் அவற்றில் ஒரு நமைச்சல் கதை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். பொழுது சாயும்வரை பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். மறுநாள் காலையில் பையனின் முன்கையில் கோடு கிழித்ததுபோல ஒரு செந்தடிப்பு. மாலைக்குள் அது நீர்க்கொப்புளமாயிற்று, இரவெல்லாம் சொறி. மருத்துவர் பார்த்துவிட்டு ‘பாய்சன் ஐவி’ என்றார். இரண்டு நாள் கழித்துத் தங்கைக்கும் வந்தது. இதுவரை சொன்னதெல்லாம் நடந்தது. கதை அதோடு நிற்பதில்லை, ‘குளத்துத் தண்ணீரில்தான் ஒட்டியிருக்கிறது’ என்று கடைசியில் ஒரு வரி சேர்ந்துகொள்கிறது. பத்து வருஷம் கழித்து அதே கதையைச் சொல்லும்போது முன்கையில் இருந்த கோடு மறந்திருக்கும், மருத்துவர் சொன்ன பெயரும் மங்கியிருக்கும், குளம் மட்டும் நீலமாக நினைவில் நிற்கும். கண்டது எது, பிறகு கருதிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்காமல் இத்தகைய நினைவுகளை நம்ப முடியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குளத்துத் தண்ணீர் வழியாகப் பாய்சன் ஐவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை. குளத்தங்கரையில் தொட்ட பொருள் வழியாகப் பரவலாம். இந்த இரண்டையும் நினைவு ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

பாய்சன் ஐவி நம் ஊர்ச் செடி அல்ல. வட அமெரிக்காவின் காட்டோரங்களிலும் வேலியோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களின் கவனிக்காத மூலைகளிலும் வளர்வது. தரையில் படரும், புதராக நிற்கும், மரம் கிடைத்தால் ஏறிவிடும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும், நடுவில் இருப்பதற்கு மட்டும் காம்பு நீளம். துளிர் செம்மையோடினது, கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மரத்தில் ஏறிய முதிர்ந்த கொடியைச் சுற்றி மயிர் மயிராக வேர்கள் அப்பியிருக்கும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே போன ஆங்கிலேயரான கேப்டன் ஜான் ஸ்மித், தங்கள் நாட்டு ஐவிக் கொடி போல இருந்த இந்தச் செடி தொட்டவருக்குச் சிவப்பும் அரிப்பும் கொப்புளமும் தருவதை எழுதி வைத்தார். பெயரில் ஐவி இருந்தாலும் இது ஐவி இனம் அல்ல. மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் பிறந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் பீச்சியடிக்கும் பால் உதட்டில் பட்டு வாயோரம் வெந்துபோவதை அறிந்தவர்களுக்கு இந்த உறவு வியப்பாக இராது. கொடியின் சாற்றில் இருக்கும் எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். ஜப்பானியர் பாத்திரங்களுக்குப் பூசும் ‘உருஷி’ என்ற அரக்கிலிருந்து வந்த சொல் அது. அதன் அமைப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தறிந்தவர் ரிகோ மஜிமா என்ற ஜப்பானிய வேதியியலாளர். இலைக்கும் தண்டுக்கும் வேருக்கும் உள்ளே நுண்ணிய குழாய்களில் இந்த எண்ணெய் அடைபட்டிருக்கிறது. இலை கசங்கினால், காம்பு ஒடிந்தால் வெளியே வரும். வெள்ளைக் காகிதத்தில் ஓர் இலையை வைத்து நசுக்கினால் நிறமில்லாமல் படிந்த ஈரம், காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் மைபோலக் கறுத்துவிடும்.

குளத்தின் மீதான குற்றச்சாட்டை முதலில் இந்த எண்ணெயின் குணத்தை வைத்தே சோதிக்கலாம். உருஷியால் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை மட்டும் தனியாக இருந்தால் தண்ணீரில் கரையும் வகை. ஆனால் 15 அல்லது 17 கார்பன் அணுக்கள் கோத்த வால் கரையவிடாது. எண்ணெய்க் குணம் வாலிலிருந்து வருகிறது. ஆகவே ஒருவர் உடம்பிலிருந்து கிளம்பிய உருஷியால் உப்பைப்போலக் கரைந்து குளம் முழுவதும் நிறைந்து எல்லார் மேலும் படுகிறது என்ற சித்திரம் அடிப்படையிலேயே தவறு. ஒரு பேச்சுக்கு, கரைந்து கலந்தது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்க வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் சாதாரணக் குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர் என்று கொள்ளலாம். தோலில் 50 மைக்ரோகிராம் உருஷியால் பட்டாலே பெரும்பாலோருக்குத் தடிப்பு வரும் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். ஒரு துகள் உப்பைவிடக் குறைவான அளவு அது. அதைப்போல இருபது மடங்கு, அதாவது ஒரு மில்லிகிராம், குளத்தில் கலந்தது என்றால் லிட்டருக்கு 0.017 மைக்ரோகிராம்கூட வராது. 50 மைக்ரோகிராம் சேர வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 லிட்டர் தண்ணீரில் இருக்கும் எண்ணெய் அத்தனையும் ஓர் ஆளின் தோலில், அதுவும் ஒரே இடத்தில், இறங்கியாக வேண்டும். கடலில் கரைத்த பெருங்காயம் என்று நாம் சொல்வது இந்தக் கணக்கைத்தான். மிகச் சிலருக்கு இன்னும் குறைந்த அளவே போதும் என்பது உண்மை. அவர்களுக்காகக் கணக்கைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 300 லிட்டர் மிஞ்சுகிறது.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும். எண்ணெய் கரையாது என்று சொல்லிவிட்டுக் கரைந்ததுபோலக் கணக்குப் போடுவது என்ன நியாயம்? கரையாத எண்ணெய் மிதக்குமே, மிதக்கும் படலத்துக்குள் தலையை விட்டு ஒருவர் எழுந்தால் அவ்வளவும் முகத்தில் அப்புமே என்று கேட்கலாம். கேள்வி சரியானது, பதிலும் அதிலேயே இருக்கிறது. மிதக்கும் அளவுக்கு எண்ணெய் முதலில் குளத்துக்குள் வர வேண்டும். தோலில் பட்ட உருஷியால் மேலேயே காத்திருப்பதில்லை, சில நிமிஷங்களில் உள்ளே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் செடி பட்ட பத்து நிமிஷத்துக்குள் கழுவச் சொல்கிறார்கள். மணி ஒன்று கடந்தால் கழுவியும் பெரிதாகப் பயன் இல்லை. தோலில் இறங்கியது அங்குள்ள புரதங்களோடு பிணைந்துவிடும், குளத்துத் தண்ணீர் அதைப் பிரித்து வெளியே கொண்டுவராது. காலையில் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு மத்தியானம் குளத்தில் குதிக்கிற பையனின் தோலில் அடுத்தவருக்குக் கொடுக்க மிச்சம் அதிகம் இராது. எண்ணெய் மிச்சம் இருக்குமிடம் வேறு. அவன் கழற்றிப்போட்ட காலணியின் நாடா, முதுகுப் பையின் வார், புதரில் புரண்டு வந்த நாயின் ரோமம், இவையெல்லாம் அதை உறிஞ்சித் தமக்குள் முடித்துக்கொள்வதில்லை, அப்படியே வைத்திருக்கும். காய்ந்த பொருளில் உருஷியால் ஆண்டுக்கணக்கில்கூட வீரியம் குறையாமல் இருக்கும். நாய்க்கு அதன் ரோமமே கவசம், அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஈர நாயைக் கட்டிக்கொள்கிற குழந்தைக்கு அந்தக் கவசம் இல்லை. இங்கே எண்ணெய் போனது நாயிலிருந்து கைக்கு, தண்ணீர் வழியாக அல்ல.

இந்தக் குடும்பத்து எண்ணெய் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நீண்ட காலச் சோதனை நடந்திருக்கிறது, யாரும் அதைச் சோதனை என்று அழைக்காவிட்டாலும். சேராங்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் கறுஞ்சாறு உருஷியாலின் நெருங்கிய உறவு. துணி வெளுப்பவர்கள் கூர்முனையால் அந்தச் சாற்றைத் தொட்டு, வீட்டுக்கு ஒரு குறியாகத் துணியின் ஓரத்தில் இடுவார்கள். மேலே சுண்ணாம்பு பட்டதும் கறுப்பு நிலைத்துவிடும். ஆற்றில் அலசி, உவர்மண் போட்டு, வெள்ளாவியில் வேகவைத்து, கல்லில் அடித்தாலும் அந்தக் குறி போகாது. போகாது என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குச் சலவைக்குப் போய்வந்த உடைகளால் தடிப்பு உண்டாயிற்று. அவர்கள் நாட்டுப் பாய்சன் ஐவித் தடிப்பைப் போலவே அது இருந்தது. தடிப்பு வந்த இடம்தான் கவனிக்கத்தக்கது. பிடரியில், இடுப்பில், எங்கே சலவைக்குறி தோலில் உரசியதோ அங்கே வந்தது. சட்டை முழுவதும் ஒரே தண்ணீரில்தான் ஊறியது, ஒரே வெள்ளாவியில்தான் வெந்தது. தண்ணீர் நஞ்சைப் பரப்பியிருந்தால் முதுகும் மார்பும் அல்லவா முதலில் சிவந்திருக்க வேண்டும்? சுண்ணாம்பால் இறுகிய குறியும் இலையிலிருந்து வந்த புது எண்ணெயும் ஒன்றல்லவே என்று இதற்கும் மறுப்புச் சொல்லலாம். ஒன்றல்லதான். ஆனால் தோலைப் புண்ணாக்கும் அளவுக்கு அந்தக் குறியில் வீரியம் மிச்சம் இருந்தது, அத்தனை தண்ணீர் கண்டும் அது இடம் பெயரவில்லை. எனக்கு இந்தச் சாட்சி, ஆயிரம் குளக்கரைக் கதைகளைவிட வலுவானதாகப் படுகிறது.

அப்படியானால் இத்தனை பேர் ஒரேபோல நினைவுகூர்வது எதனால்? எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்கள் நினைவு நேர்மையானது, இந்த நோயின் கடிகாரம்தான் அவர்களை ஏமாற்றுகிறது. 1963இல் ஜெல், கூம்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் இருவர் ஒவ்வாமைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பாய்சன் ஐவித் தடிப்பு அவற்றில் நான்காவது வகை, அதாவது தாமதமாக வெளிப்படுவது. தேனீ கொட்டினால் அந்த நொடியே தெரிகிறது, காரணமும் காரியமும் கைகோத்து நிற்கின்றன. உருஷியால் படும்போது வலியில்லை, எரிச்சல் இல்லை, வாசனை இல்லை. அது தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை அந்நியமாகக் காட்ட, உடம்பின் காவல் அணுக்கள் கூடிவந்து தாக்க, ஏற்கெனவே பழகிய உடம்பில் 12 மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை ஆகும். வாழ்க்கையில் முதல்தடவை பட்டவருக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம்கூட ஆகலாம். சனிக்கிழமை மாலை வேலியோரம் போன பந்தை எடுக்கக் கை நுழைத்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அது ஒரு நிகழ்ச்சியே அல்ல. ஞாயிற்றுக்கிழமைக் குளம் நிகழ்ச்சி. திங்கட்கிழமை கை சிவந்ததும் மனம் பின்னோக்கித் தேடுகிறது, முதலில் அகப்படும் பெரிய விஷயத்தில் பழியை இறக்கிவைக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கோடையில் நீந்துகிறவர்களும் புதர்ப்பக்கம் போகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதால், காக்கை எப்போதும் பனைமரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தங்கைக்கு ஏன் வந்தது, அதுவும் இரண்டு நாள் தள்ளி ஏன் வந்தது என்பது அடுத்த கேள்வி. ஒட்டுவாரொட்டி என்ற எண்ணம் இங்கேதான் வேர் பிடிக்கிறது. அம்மையும் கண்நோயும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவதைக் கண்டு பழகிய நமக்கு, அண்ணனுக்கு முதலில், தங்கைக்குப் பிறகு என்ற வரிசையே நிரூபணமாகத் தோன்றும். பாய்சன் ஐவித் தடிப்பில் கிருமி இல்லை. கொப்புளத்தில் ஊறும் நீர் அவரவர் உடம்பின் நீர்தான், அதில் உருஷியால் இல்லை. உடைந்த கொப்புளத்தைத் தொட்டவருக்குத் தடிப்பு வராது, அந்த நீர் குளத்தில் கலந்தாலும் ஒன்றும் ஆகாது. தங்கை அதே புதரோரம் விளையாடியிருக்கலாம், அண்ணன் எடுத்துவந்த பந்தைப் பிடித்திருக்கலாம், அவன் காலணியை ஓரமாக நகர்த்தி வைத்திருக்கலாம். அவள் உடம்பு அதற்கு முன் அந்த எண்ணெயை அவ்வளவாக அறியாதது என்றால் தாமதமாகவே எதிர்வினை காட்டும். ஒரே ஆளின் உடம்பிலும் இப்படித்தான். மணிக்கட்டின் மெல்லிய தோலில் முதல் நாள், முழங்காலில் மூன்றாம் நாள் என்று தடிப்பு தவணை தவணையாக வரும். எண்ணெய் கூடுதலாகப் பட்ட இடமும் தோல் மெல்லிசான இடமும் முந்திக்கொள்கின்றன, மற்றவை பிந்துகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஊர்ந்து பரவுவதாகத் தெரிகிறது. கண்டது உண்மை, அதற்குக் கற்பித்த பொருள்தான் பிசகு.

குளோரின் போட்ட தண்ணீர்தானே, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும். என் கட்சிக்கு ஆதரவானது என்றாலும் அதை நான் ஏற்க மாட்டேன். குளோரின் கிருமிகளுக்கான மருந்து, உருஷியால் கிருமி அல்ல. லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் அளவில் குளத்தில் இருக்கும் குளோரின், கைப்பிடிச்சுவரில் பூசியிருக்கும் எண்ணெயையும் மிதவையில் ஒட்டிய பிசுக்கையும் அகற்றிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. செடியில் பட்ட கையோடு குளத்தில் இறங்கினால் குளமே கழுவிவிடும் என்ற நம்பிக்கையும் இதே வகை. வெறும் தண்ணீரில் எண்ணெய்க்கை அலசுகிறவருக்குத் தெரியும், பிசுக்கு அங்கேயேதான் இருக்கும். ‘தண்ணீர் கொண்டுபோகாது என்றால் மருத்துவர்கள் ஏன் கழுவச் சொல்கிறார்கள்?’ என்ற கேள்விக்கும் விடை இதுவே. அவர்கள் சொல்வது சோப்பு. எண்ணெயைப் பற்றிக்கொண்டு தண்ணீரோடு அனுப்புகிற வேலையைச் சோப்பும், கை தேய்க்கிற தேய்ப்பும், ஓடுகிற நீரும் சேர்ந்து செய்கின்றன. நிற்கிற குளத்தில் மூன்றும் இல்லை. ஒரு விதிவிலக்கை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். காற்றடைத்த ரப்பர்த் தொட்டியில் பிள்ளைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஒருவன் அப்போதுதான் கொடியைப் பிய்த்துவிட்டு வந்த கையோடு உள்ளே இறங்கினால், அங்கே எண்ணெய் இடம் மாற வழி உண்டு. அப்போதும் அது கையிலிருந்து பொம்மைக்கும் பொம்மையிலிருந்து இன்னொரு கைக்கும்தான் போகும். ஒட்டவைப்பது தொடுகைதான்.

குளம் எந்தத் தடிப்புக்கும் பொறுப்பில்லை என்று நான் வாதாடவில்லை. வெந்நீர்த் தொட்டிகளிலும் சரியாகப் பராமரிக்காத குளங்களிலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகி, தோலின் மயிர்க்கால்களில் சிறு சிறு சீழ்ப்பருக்களை உண்டாக்கும். நீச்சலுடை ஈரமாக ஒட்டியிருந்த இடத்தில் அது அதிகம் இருக்கும். ஏரி, குட்டைகளில் நீந்துவோருக்குப் பறவைகளிலும் நத்தைகளிலும் வாழும் நுண்புழுக்களால் அரிப்பு வரும். அது உடை மூடாத தோலில் வரும், நன்றாகக் குளோரின் இட்ட குளத்தில் வராது. குளோரினே சிலர் தோலை வறட்டி அரிக்க வைப்பதும் உண்டு. இவை குளத்தின் மேல் சாட்டத்தக்க குற்றங்கள். பாய்சன் ஐவியின் முகம் வேறு. இலையோ காம்போ உரசிய வழியே கோடு கோடாகத் தடித்து, அந்தக் கோட்டிலேயே கொப்புளங்கள் வரிசை கட்டும். தண்ணீர் தோலில் கோடு போடாது. மேலெல்லாம் ஒன்றுபோலப் பரவும் பொருள் கையில் மட்டும் கோடாக விழாது. முன்கையில் இருந்த அந்தக் கோடுதான் கதையிலேயே நம்பத்தகுந்த சாட்சி, நினைவு முதலில் தொலைப்பதும் அதையே.

பழியை எங்கே வைக்கிறோம் என்பதில் என்ன இருக்கிறது, அரிப்பு அரிப்புதானே என்று சிலர் நினைக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆனால் பாவம் தொடரும். தண்ணீரைக் குற்றம் சொன்ன வீட்டில் குளத்தைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்புவார்கள், தடிப்பு வந்த பிள்ளையைக் கரையில் தனியே உட்கார வைப்பார்கள். வேலியோரத்துக் கொடியும் கழுவாத காலணியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக அங்கேயே காத்திருக்கும். சிலர் கொடியைக் கண்டுபிடித்தபின் கோபத்தில் வெட்டி எரிப்பதும் உண்டு. அது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் எரியும் கொடியின் புகையில் ஏறிவரும் எண்ணெய் மூச்சுக்குழலையே புண்ணாக்கிவிடும். குளத்தில் விழுந்த இலைகளை வடிகூடையிலிருந்து வெறுங்கையால் அள்ளுகிறவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றில் மூன்றிலைக் கொத்து ஒன்று கிடந்தால் அங்கே அவர் தொடுவது செடியை, தண்ணீரை அல்ல.

ஆகவே தடிப்போடு ஒரு பிள்ளை குளத்தில் இறங்கினால் மற்றவர்கள் கரையேற வேண்டியதில்லை. கொப்புளம் உடைந்திருந்தால் ஆறும்வரை அவன் குளிக்காமல் இருப்பது நல்லது, அது அவன் புண்ணில் கிருமி சேராமல் இருப்பதற்காக. குளத்துக்குப் போகுமுன் சோப்புப் போட்டு ஒரு குளியல், நாய்க்கும் ஒன்று. காட்டுக்குப் போட்டுப்போன உடையும் காலணியும் கரையில் கிடக்க வேண்டாம், துண்டை யாரும் மாற்றிக்கொள்ள வேண்டாம். இவ்வளவு செய்தும் யாருக்காவது கை சிவந்தால் நேற்று எங்கே நீந்தினாய் என்று கேட்காதீர்கள். முந்தாநாள் எதைத் தொட்டாய் என்று கேளுங்கள்.